சிந்து நதி ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத முக்கியப் புள்ளி... யார் இந்த யூஜின் பிளாக்?

1960 செப்டம்பர் 19, கராச்சி. சிந்து நதிநீர் ஒப்பந்தத்தில் இந்தியாவின் சார்பில் பிரதமர் நேருவும் பாகிஸ்தான் சார்பில் அதிபர் அயூப் கானும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காகிதத்தில் மூன்றாவதாக ஒரு கையெழுத்தும் உண்டு. உலக வங்கியின் துணைத் தலைவர் வில்லியம் இலிஃப் போட்டது அது. ஆனா, சண்டைக்காரர்கள் ரெண்டு பேரையும் ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தையை விட்டுப் போகாமல் பிடித்து வைத்தவர் இலிஃபின் மேலதிகாரி, அதாவது வங்கியின் தலைவர் யூஜின் பிளாக்.

2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்த ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தபோது, ரெண்டு நாட்டு ஆத்துத் தண்ணியில் உலக வங்கிக்கு என்ன வேலை என்று பலரும் கேட்டார்கள். அதற்கான பதில் பிளாக்கின் கதையில் இருக்கிறது.

பாண்டு விற்றவர்

1898இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பிறந்தவர் பிளாக். அப்பா, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவராக இருந்தவர். மகன் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படித்து, முதல் உலகப் போரில் கடற்படையில் இருந்துவிட்டு, பாண்டு எனப்படும் கடன் பத்திரங்களை விற்கும் தொழிலுக்கு வந்தார். சேஸ் நேஷனல் வங்கியில் உயர்ந்த பதவி. அங்கிருந்து 1947இல் உலக வங்கிக்கு வந்தவர், 1949 முதல் 1962 கடைசி வரை அதன் தலைவர்.

உலக வங்கியும் பாண்டு விற்றுத்தான் பணம் திரட்டியது. போட்ட பணம் திரும்பி வருமா என்பதுதான் வாங்குகிறவர்களின் முதல் கேள்வி. அணை கட்டக் கடன் கேட்டு வந்தாலும் பிளாக் அதையேதான் பார்த்தார். பக்ரா நங்கல் திட்டத்துக்கு இந்தியா கடன் கேட்டது, பாகிஸ்தான் எதிர்த்தது. கோட்ரி தடுப்பணைக்குப் பாகிஸ்தான் கேட்டது, இந்தியா எதிர்த்தது. தண்ணி யாருக்குச் சொந்தம்னே முடிவாகாத ஆற்றில் யாரை நம்பிக் கடன் கொடுப்பது?

தண்ணீர் நின்ற நாள்

சண்டையின் வேர் 1947 எல்லைக்கோடு. பஞ்சாபின் சில முக்கியமான கால்வாய்த் தலைமதகுகள் இந்தியாவுக்கு வந்தன. அவற்றை நம்பியிருந்த வயல்கள் பாகிஸ்தானுக்குப் போயின. தற்காலிக ஏற்பாடு முடிந்த மறுநாள், 1948 ஏப்ரல் 1 அன்று, அந்தக் கால்வாய்களில் தண்ணீர் நிறுத்தப்பட்டது. மே மாதம் ஒரு சமரசம் வந்து தண்ணீர் திரும்ப ஓடியது. ஆனா மதகு அடுத்தவன் கையில் இருக்கிறது என்ற பயம் பாகிஸ்தானை விட்டுப் போகவே இல்லை.

1951இல் இந்தப் பக்கம் வந்துபோன அமெரிக்க நிர்வாகி டேவிட் லிலியந்தால், சிந்துப் படுகை முழுவதையும் ஒரே அமைப்பாக ரெண்டு நாடும் சேர்ந்து நிர்வகிக்கலாம், உலக வங்கி உதவலாம் என்று எழுதினார். பிளாக் அதைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் ரெண்டு பிரதமர்களுக்கும் கடிதம் போட்டார். பழைய கணக்கு வேண்டாம், அரசியல் வேண்டாம், என்ஜினீயர்கள் மட்டும் உட்கார்ந்து பேசட்டும் என்பதுதான் அதன் சாரம்.

1952இல் வாஷிங்டனில் உட்கார்ந்து பேசினார்கள். ஒத்துவரவில்லை. சேர்ந்து நிர்வகிப்பது என்றால் தினமும் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைதான் அங்கே இல்லையே! 1954 பிப்ரவரியில் வங்கி நேர்மாறான யோசனையை வைத்தது. ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. பாகத்தைப் பிரித்துக்கொண்டு, மதகைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லும் திட்டம் அது. நீரியல் கணக்குப்படி இது சிறந்த வழி இல்லை. ஆனால் அடுத்தவரை நம்பியிருக்கும் தேவை குறைந்தது. பிளாக் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான்.

கெய்ரோவில் சறுக்கல்

பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருந்தபோதே நைல் நதியில் அவருக்கு ஒரு அடி விழுந்தது. எகிப்தின் அஸ்வான் அணைக்கு உலக வங்கி 20 கோடி டாலர் கடன் தருவதாக இருந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் மானியம் கொடுத்தால்தான் அந்தக் கடன் என்பது ஏற்பாடு. 1956 தொடக்கத்தில் பிளாக் நேரில் போய் நாசரிடம் பேசி முடித்தும் வந்தார். ஜூலை 19 அன்று அமெரிக்கா பின்வாங்கியது, பிரிட்டனும் விலகியது, வங்கிக் கடனும் அதோடு போனது. ஒரே வாரத்தில் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்க, இலையுதிர்காலத்தில் போரே வந்துவிட்டது. அணையைக் கட்ட சோவியத் யூனியன் உதவியது. பிறகு சூயஸ் பங்குதாரர்களுக்கான இழப்பீட்டுப் பேச்சில் நடுவராக இருந்து 1958இல் அதை முடித்து வைத்தவரும் இதே பிளாக்தான்.

பணம் பேசியது

சிந்துவுக்கு வருவோம். ஆறுகளைப் பிரித்தால், கிழக்கு ஆறுகளை நம்பியிருந்த பாகிஸ்தான் வயல்களுக்கு மேற்கிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும். அணைகள், தடுப்பணைகள், இணைப்புக் கால்வாய்கள்... செலவு யார் தலையில்?

1959 மே மாதம் பிளாக்கே டெல்லிக்கும் கராச்சிக்கும் வந்து பேசினார். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மேற்கு ஜெர்மனி என ஆறு நாடுகளைச் சேர்த்து, வங்கியின் பணத்தையும் போட்டு, சுமார் 90 கோடி டாலர் நிதிக்கு ஏற்பாடு செய்தார். அஸ்வானைப் போல ஒருவர் விலகினால் எல்லாம் சரியும் நிலை இங்கே குறைவு. இந்தியாவின் பங்கு சுமார் 6.2 கோடி பவுண்டு, பத்து வருடாந்திர தவணையாக.

ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு ரொம்ப சுவாரஸ்யமானது. புதிய கால்வாய்கள் கட்டி முடிக்கும்வரை பத்து ஆண்டுகள் இந்தியா பழையபடி தண்ணீர் விட வேண்டும். பாகிஸ்தான் கூடுதலாக மூன்று ஆண்டுகள் வரை அவகாசம் கேட்கலாம். ஆனா கேட்டால் இந்தியா கொடுக்க வேண்டிய தொகை குறையும். தாமதத்துக்கும் ஒரு விலை! பாண்டு விற்றவர் தலைமையில் இருந்த வங்கி என்பது இங்கே தெரிகிறது.

சச்சரவு வந்தால் முதலில் ரெண்டு நாட்டு ஆணையர்களும் பேச வேண்டும். தீராவிட்டால் நடுநிலை நிபுணர், அதற்கு மேல் நடுவர் நீதிமன்றம். வங்கி ஒப்பந்தத்துக்கு ஜாமீன்தாரர் கிடையாது. நிதி விவகாரத்தோடு, இந்த நடைமுறைகளுக்கு உதவுவதுதான் அதன் வேலை. 2025இல் வங்கி தன் பங்கு அவ்ளோதான் என்று சொன்னதும் இதனால்தான்.

1965 போரின்போதும் இந்தியா தவணையைக் கட்டியது. மங்களா அணை 1967இல் முடிந்தது. தர்பேலாவுக்குச் செலவு எகிறியதால் நன்கொடை நாடுகளிடம் மறுபடி கையேந்த வேண்டியிருந்தது. குறைகளும் இல்லாமல் இல்லை. நிலத்தடி நீர், பருவநிலை மாற்றம் பற்றி ஒப்பந்தத்தில் தனி ஏற்பாடு எதுவும் இல்லை. ஓடும் நீரில் சுமார் 80% பாகிஸ்தானுக்குப் போனது என்ற வருத்தம் இந்தியாவில் உண்டு. லாகூர் பக்கம் ராவி வற்றிப்போனதைப் பாகிஸ்தான் சொல்லிக்காட்டுகிறது.

பிளாக் 1962 டிசம்பர் 31 அன்று வங்கியை விட்டுப் போனார். 1992 பிப்ரவரியில், 93 வயதில் நியூயார்க் மாகாணத்தில் காலமானார். அப்போது ஒப்பந்தத்துக்கு வயது 31. அதற்குள் இந்தியாவும் பாகிஸ்தானும் ரெண்டு போர் முடித்திருந்தன. ஆணையர்கள் அப்போதும் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.