சர்ஃபிங்கை உலகம் சுற்ற வைத்த டியூக் கஹனமோகு: 3 ஒலிம்பிக் தங்கம் வென்றவர் பெட்ரோல் பங்க் நடத்தியது ஏன்?

ரீல்ஸில் சர்ஃபிங் வீடியோ பார்க்காதவர்கள் இன்று குறைவு. பலகை மேல் ஒருத்தர் நிற்கிறார், பின்னால் வீடு உயரத்துக்கு அலை எழுகிறது, நம்ம கட்டை விரல் அப்படியே நின்றுவிடுகிறது. இந்த மாதிரிப் படங்களுக்கென்றே தனியாகத் திரைப்பட விழாக்கள் நடக்கின்றன. ஹவாய் தலைநகர் ஹொனலுலுவில் உள்ள கலை அருங்காட்சியகம் பல ஆண்டுகளாக சர்ஃப் திரைப்பட விழாவை நடத்தி வந்திருக்கிறது.

இந்தக் கலாசாரம் எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் போனால் வந்து நிற்கும் பெயர் டியூக் கஹனமோகு. 1968-ல் இறந்துபோன இவர் யார்? உலகம் கொண்டாடிய ஒருவர், சொந்த ஊரில் ஏன் பணத்துக்குத் தடுமாறினார்?

'டியூக்' என்பது பட்டமா?

இல்லை, பெயரே அதுதான். 1869-ல் பிரிட்டிஷ் இளவரசரான எடின்பரோ கோமகன் ஹவாய்க்கு வந்தார். அந்த நேரத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு அவர் நினைவாக 'டியூக்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, தன் மூத்த மகனுக்கும் அதே பெயரை வைத்தார். அந்த மகன்தான் நம்ம கதாநாயகன். 1890 ஆகஸ்ட் 24-ல் ஹொனலுலுவில் பிறந்தார். கூடப் பிறந்தவர்களோடு சேர்த்து வீட்டில் மொத்தம் 9 பிள்ளைகள்.

அவர் பிறந்தபோது ஹவாய் தனி அரசாக இருந்தது. அவருக்கு இரண்டரை வயதாகும்போது, 1893-ல் ராணி லிலியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898-ல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதாவது எட்டு வயதுக்குள்ளேயே அந்தச் சிறுவனுக்கு நாடு மாறிவிட்டது.

சர்ஃபிங் அழியும் நிலையில் இருந்ததா?

ஏறக்குறைய. ஹவாய் மக்களுக்கு அலையேறுவது வெறும் விளையாட்டு இல்லை. அரசர்கள், பெண்கள், குழந்தைகள் என எல்லோரும் ஏறினார்கள். 19-ம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்த நோய்கள் பூர்வகுடி மக்களில் பெரும்பகுதியைக் கொன்றன. வந்து சேர்ந்த மதபோதகர்களுக்கும் அரைகுறை உடையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து கடலில் விளையாடுவது பிடிக்கவில்லை. நூற்றாண்டு முடியும்போது சில கடற்கரைகளில் மட்டும் இந்த வழக்கம் மிச்சமிருந்தது. அதில் ஒன்று வைகிகி. டியூக் வளர்ந்தது அங்கேதான்.

1906-ல் எடிசன் நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர் ராபர்ட் போனைன் வைகிகியில் அலையேறுபவர்களைப் படம் பிடித்தார். சர்ஃபிங் முதன்முதலில் ஃபிலிமில் பதிவானது அப்போதுதான் என்கிறார்கள். டியூக்குக்கு அப்போது 16 வயதை ஒட்டி இருக்கும். சீக்கிரமே படிப்பை விட்டுவிட்டு நாள் முழுக்கக் கடலிலேயே கிடந்தார். பின்னர் நண்பர்களோடு சேர்ந்து 'ஹுயி நாலு' என்ற அலையேறும் சங்கத்தை உருவாக்கினார்.

நீச்சலில் எப்படி நுழைந்தார்?

1911 ஆகஸ்டில் ஹொனலுலு துறைமுகத்தில் ஒரு நீச்சல் போட்டி நடந்தது. 100 கஜ தூரத்தை டியூக் 55.4 விநாடியில் கடந்தார். அன்றைய உலக சாதனையைவிட நாலரை விநாடிக்கும் மேல் குறைவு! அமெரிக்க விளையாட்டுச் சங்கம் இதை நம்பவில்லை, சாதனையாக ஏற்கவும் இல்லை. எங்கோ ஒரு தீவில் யாருக்கும் தெரியாத ஒரு பையன் இப்படி நீந்த முடியுமா என்ற சந்தேகம்.

பதிலை ஒலிம்பிக்கில் காட்டினார். 1912 ஸ்டாக்ஹோமில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம், தொடர் நீச்சலில் வெள்ளி. முதல் உலகப் போரால் 1916 ஒலிம்பிக் நடக்கவில்லை. 1920 ஆன்ட்வெர்ப்பில் 30 வயதில் இரண்டு தங்கம். 1924 பாரிஸில் 100 மீட்டரில் வெள்ளி. அதே போட்டியில் தங்கம் வென்றவர் ஜானி வைஸ்முல்லர், வெண்கலம் வென்றவர் டியூக்கின் தம்பி சாமுவேல்.

சர்ஃபிங்கை எப்படிப் பரப்பினார்?

நீச்சல் அவருக்குப் பயணச் சீட்டு மாதிரி. நீந்துவதற்காக எந்த ஊருக்குப் போனாலும், அங்கே அலை இருந்தால் பலகையோடு இறங்கிவிடுவார்.

1914 டிசம்பரில் நீச்சல் போட்டிகளுக்காக ஆஸ்திரேலியா போனார். அங்கே கிடைத்த பைன் மரத்தில் தானே ஒரு பலகை செதுக்கி, சிட்னி அருகே ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் அலையேறிக் காட்டினார். இசபெல் லெத்தம் என்ற உள்ளூர்ப் பெண்ணையும் பலகையில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவில் சிலர் முயன்று பார்த்திருந்தாலும், அந்த நாட்டுக்கே சர்ஃபிங் மோகம் பிடித்தது டியூக்கைப் பார்த்த பிறகுதான். அந்தப் பலகை இன்றும் ஃப்ரெஷ்வாட்டரில் பாதுகாக்கப்படுகிறது.

1925 ஜூன் 14-ல் நடந்தது வேற லெவல். கலிஃபோர்னியாவின் கொரோனா டெல் மார் அருகே 'தெல்மா' என்ற மீன்பிடிப் படகு பெரிய அலையில் கவிழ்ந்தது. கரையில் இருந்த டியூக் பலகையை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். மூன்று முறை போய்வந்து 8 பேரை உயிரோடு கொண்டுவந்தார். நண்பர்கள் இன்னும் 4 பேரைக் காப்பாற்றினார்கள். 17 பேர் இறந்தார்கள். சர்ஃப் பலகை உயிர்காக்கும் கருவி என்பது அதன் பிறகுதான் கடற்கரைக் காவலர்களுக்கு உறைத்தது.

அப்புறம் ஏன் பணக் கஷ்டம்?

அன்றைய ஒலிம்பிக் விதிப்படி, விளையாட்டை வைத்துச் சம்பாதித்தால் போட்டியிடத் தகுதி போய்விடும். அதனால் புகழின் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அவர் அதைக் காசாக்க முடியவில்லை.

ஹாலிவுட் போனார். பாரிஸில் அவரை வென்ற வைஸ்முல்லர் 1932-ல் டார்ஜானாகி உலக நட்சத்திரம் ஆனார். பழுப்பு நிறத் தோல் கொண்ட டியூக்குக்குக் கிடைத்ததெல்லாம் பழங்குடித் தலைவர் மாதிரியான துண்டு வேடங்கள். 1955-ல் வந்த 'மிஸ்டர் ராபர்ட்ஸ்' படத்திலும் அதே வேடம்தான். உலகின் மிகச் சிறந்த அலையேறியைக் கூட்டி வந்து, அலையேற விடாமல் ஓரமாக நிறுத்தியது சினிமா.

ஊர் திரும்பியவர் நகர மண்டபத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தார், பெட்ரோல் பங்க் நடத்தினார். 1934-ல் ஹொனலுலு ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 25 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பதவியில் தொடர்ந்தார். ஹவாய் அமெரிக்க மாநிலமான பிறகு அந்தப் பதவியே ஒழிக்கப்பட்டது. பிரமுகர்கள் வந்தால் மாலை போட்டு வரவேற்பது அவர் வேலையானது. ஹவாய் சுற்றுலா அவர் முகத்தை வைத்து வளர்ந்தது. அதில் அவர் கைக்கு வந்தது கொஞ்சம்தான்.

சினிமா எப்போது திரும்பிப் பார்த்தது?

1953-ல் பட் பிரவுன் என்பவர் தான் எடுத்த ஹவாய் சர்ஃபிங் படத்தை கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் ஒரு பள்ளி அரங்கில் காட்டினார். டிக்கெட் 65 சென்ட். இன்றைய சர்ஃப் திரைப்பட விழாக்களுக்கு விதை அதுதான்: ஊர்க்காரர்கள் கூடி, விசில் அடித்து, தங்கள் கடலைத் திரையில் பார்ப்பது.

அடுத்து வந்தது புரூஸ் பிரவுனின் 'தி எண்ட்லெஸ் சம்மர்'. கடற்கரை இல்லாத ஊரில் இதை யார் பார்ப்பார்கள் என்று விநியோகஸ்தர்கள் ஒதுங்கினார்கள். பிரவுன் படத்தைத் தூக்கிக்கொண்டு கடலே இல்லாத கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகருக்குப் போனார். கடும் குளிர்காலத்தில் இரண்டு வாரம் அரங்கு நிறைந்தது. 1966-ல் படம் பரவலாக வெளியாகி, சர்ஃபிங்கை உலகத்துக்கே அறிமுகப்படுத்தியது.

அதாவது, 2,000 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலுக்குப் பக்கத்து வில்பட்டியில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனில் சர்ஃபிங் பார்ப்பவர் ஒன்றும் விதிவிலக்கு இல்லை. சர்ஃப் படங்கள் பிழைத்ததே கடலுக்குத் தூரமான ரசிகர்களால்தான்.

1965 டிசம்பரில் டியூக் பெயரிலேயே ஹவாயின் சன்செட் கடற்கரையில் சர்ஃபிங் போட்டி தொடங்கியது. சிபிஎஸ் தொலைக்காட்சி அதைப் படம்பிடித்து ஒளிபரப்பியது. 75 வயதில்தான் கேமரா அவருக்கு உரிய மரியாதையோடு திரும்பியது. 1968 ஜனவரி 22-ல் மாரடைப்பால் இறந்தார். வைகிகி கடலில், படகுகள் சூழ, அவர் அஸ்தி கரைக்கப்பட்டது.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

முதலில், ஒரு சொல். வைகிகியில் இன்று பயணிகளை ஏற்றிச் செல்லும் இரட்டைப் படகுகளுக்குப் பெயர் 'கேட்டமரான்'. நம்ம 'கட்டுமரம்'தான் அது. வடிவம் வேறு, நம்முடையது மரத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. ஆனால் பெயர் சோழமண்டலக் கரையிலிருந்து போனது.

அடுத்தது, அதே கரையின் பிள்ளைகள். கட்டுமரத்தில் அலையைத் தாண்டிப் பழகிய மீனவக் குடும்பங்களின் இளைஞர்கள் கோவலத்திலும் மாமல்லபுரத்திலும் இன்று சர்ஃபிங் வீரர்கள், பயிற்சியாளர்கள். 2013-ல் கோவலத்தில் சர்ஃபிங், இசை எல்லாம் கலந்த விழா தொடங்கியது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தது. இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.

சர்ஃபிங்கை ஒலிம்பிக்கில் சேர்க்க வேண்டும் என்பது டியூக்கின் நீண்ட நாள் ஆசை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் அது நிறைவேறியது. பெண்கள் பிரிவில் முதல் தங்கத்தை வென்றவர் கரிசா மூர், டியூக் பிறந்த அதே ஹொனலுலுவில் பிறந்த ஹவாய் வம்சாவளிப் பெண்.

சர்ஃபிங் பதக்கம் அந்த ஊருக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆனது. நம்ம கடற்கரையில் கேமராவும் ஸ்பான்சரும் ரிசார்ட்டும் இப்போதுதான் வந்துகொண்டிருக்கின்றன. அலையில் நிற்கும் பையனுக்கும் அதில் பங்கு எழுதி வைக்க இதுதான் நேரம்.