ஆரியபட்டர்

சூரியன் உதிக்கிறது என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் சுழல்வது பூமியே என்று கி.பி. 499-இல் எழுதியவர் ஆரியபட்டர். 476-இல் பிறந்த அவருக்கு அப்போது வயது 23! படகில் செல்வோருக்குக் கரை பின்னோக்கி ஓடுவதுபோல, அசையாத விண்மீன்கள் மேற்கே நகர்வதாகத் தோன்றுகின்றன என்று விளக்கினார். பவானியாற்றில் பரிசல் ஏறிய நமக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் பின்வந்த பிரம்மகுப்தர் இதை மறுத்தார். ஆரியபட்டரின் நூலுக்கு உரை எழுதியவர்களிலேயே சிலர் பொருளை மாற்றிக் கூறினர்.

பூமி சூரியனைச் சுற்றுவதாக அவர் சொல்லவில்லை. எனினும் சூரியனின் ஆண்டுப் பாதை 24 பாகை சாய்ந்திருப்பதைக் குறித்துள்ளார். இன்றைய அளவு சுமார் 23.4. பூமியின் அச்சுச் சாய்வே நமக்கு அவ்வாறு தோன்றுகிறது. கோடையும் குளிரும் அதனால் வருபவை. சத்தியமங்கலத்தில் ஏப்ரல் 20, ஆகஸ்ட் 22 ஆகிய நாட்களை ஒட்டிச் சூரியன் உச்சிக்கு நேரே வந்து, நம் கொடிக்கம்பத்தின் நிழல் அடியிலேயே ஒடுங்குவதும் அதனாலேயே.