வடலூர் அடிகளாரும் ஓரறிவுயிர்களும்

கொல்லாமையைப் பேரறமாகப் போற்றும் நம் சமூகத்தார் அறிந்திருக்க வேண்டிய பிறசமயப் பெரியார்களுள் வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகளார் ஒருவர். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5ஆம் நாள் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, சென்னையில் தமையனார் ஆதரவில் வளர்ந்தார்.

1854இல் மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை வெளியிட்டார். தேர்க்காலில் மாண்ட பசுங்கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் வரலாறு அது. இக்கதையை வகுப்பில் பலமுறை நடத்திய நாம், மன்னன் நீதியைப் பற்றியே வினாக்கள் கேட்டோம். தாய்ப்பசுவைப் பற்றி ஒரு வினாவும் கேட்டதில்லை என்பது இம்முதுமையில்தான் உறைக்கிறது.

பின்னர்ச் சிதம்பரம் வந்து, கருங்குழியில் பல்லாண்டு தங்கினார். 1867 மே 23ஆம் நாள், பார்வதிபுரத்தார் அளித்த எண்பது காணி நிலத்தில், பசித்தோர்க்கு உணவளிக்கும் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். 1872இல் எழுந்த ஞானசபையுள் கொலையும் புலாலும் நீத்தோரே புகலாம் என்று விதித்தார்.

புல்லும் நெல்லும் மரமும் உயிர்களே என்பது அவர் கொள்கை. ஆயினும் அவற்றின் வித்து, காய், கனி, தழைகளைக் கொள்வது நகமும் மயிரும் களைவதைப் போன்றது, அது உயிர்க்கொலை ஆகாது என்று ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் நூலில் விளக்கினார். வித்திலும் கிழங்கிலும் உயிர் காணும் நம் ஆகமக் கருத்தோடு இது பொருந்தாது. அவ்வேறுபாட்டை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் கிழங்கை விலக்கிய நம் வேளாண் குடும்பத்தார், மழையின்றிக் கருகிய வயலின் முன் நின்று எதற்காக நொந்தோம்? விளைச்சல் போயிற்றே என்றுதான். அடிகளாரோ பயிரின் வாட்டத்தையே தம் வாட்டமாகப் பாடினார். 2023 ஜூலையில், அதே கடலூர் மாவட்டத்து வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்துக்கான கால்வாய்ப் பணியின் பொருட்டு வயலில் நின்ற நெற்பயிரை இயந்திரங்கள் அழித்தபோது, பலரும் அப்பாடலையே நினைவுகூர்ந்தனர்.

1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் கண்டிலர். ஒளியில் கலந்தார் என்பது அவர் அன்பர்தம் நம்பிக்கை. தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. வருவோர் எம்மதத்தார் என்று அங்கு எவரும் கேட்பதில்லை.