கல்லை இனங்கண்ட புரூஸ் ஃபூட்

இங்கிலாந்தில் 1834இல் பிறந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். 1863 மே 30ஆம் திகதி பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழியொன்றில் கிடந்த கல்லைக் கையிலெடுத்தார். அது ஆதிமனிதனின் கைக்கோடரி.

எப்படி அறிந்தார்? பிரான்சின் சோம் ஆற்றங்கரையில் கிடைத்த இத்தகைய கருவிகளை அறிஞர்கள் ஏற்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அச்செய்தி அவர் மனத்தில் இருந்தது. ஆற்றில் உருண்ட கல் வழுவழுப்பாகும். தானாக உடைந்த கல்லில் ஒழுங்கு இராது. கைக்கோடரியிலோ இருபுறமும் சில்லு பெயர்த்த தழும்புகள் அடுத்தடுத்து அமைந்து, ஓரம் கூராக ஓடும்.

அவ்வாண்டு செப்டெம்பரில் வில்லியம் கிங்குடன் சென்று, கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் அவற்றைக் கண்டார். அங்குள்ள கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுப் பழைமையானவை என 2011இல் சாந்தி பப்பு குழுவினர் அறிவித்தனர்.

எந்தக் கல் எவ்வூரில் கிடைத்தது என்று ஃபூட் குறித்துவைத்தார். கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுவே. இடம் குறிக்காத கல், பற்றுச்சீட்டு இல்லாத செலவு! 1904இல் அச்சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. 1912இல் அவர் காலமானார். அதன் விவரப்பட்டியல் 1914இல் வெளிவந்தது.

இங்கே சார்ஜாவின் ஜெபல் ஃபாயாவிலும் ஏறக்குறைய 1,25,000 ஆண்டுப் பழைய கற்கருவிகள் கிடைத்துள்ளன. விடுமுறை நாளில் வாடிப் பக்கம் போகும் எமது பிள்ளைகளும் சட்டைப்பை நிறையக் கல் கொண்டுவருகிறார்கள். எங்கே எடுத்தாய் என்று கேட்டால் பதில் இல்லை.