சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்

சட்டம் பயிலும் நண்பர்கள் அவசியம் அறிய வேண்டியவர் அமெரிக்க வழக்கறிஞர் ஹூஸ்டன். 1895-ல் வாஷிங்டனில் பிறந்த கறுப்பினத்தவர். முதல் உலகப் போரில் படை அதிகாரியாக இருந்தபோது தம் இனத்தார் பட்ட அவமதிப்பைக் கண்டே சட்டத்தின் பக்கம் திரும்பினார். ஹார்வர்டில் தேறினார்.

1929-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் பொறுப்பை ஏற்று, மாலைக் கல்லூரியாக இருந்ததை முழுநேரக் கல்லூரியாக்கினார். மிகக் கண்டிப்பான ஆசிரியர். தர்குட் மார்ஷல் அவருடைய மாணாக்கர்.

வசதிகள் சமமாக இருந்தால் இனத்தாரைப் பிரித்து வைக்கலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1896-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அதை ஹூஸ்டன் எடுத்த எடுப்பில் தாக்கவில்லை. அந்தச் சமத்துவம் எங்கே இருக்கிறது என்று காட்டும்படி அரசுகளை மடக்கினார். கெட்டிக்காரத்தனமான வழி!

லாயிட் கெயின்ஸ் என்ற மாணவருக்கு மிசூரி பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி இடம் மறுத்தது. வெளிமாநிலத்தில் படித்தால் கட்டண உதவி தருவதாக அரசு சொல்லிற்று. மாநில நீதிமன்றங்களில் தோற்ற வழக்கை ஹூஸ்டன் உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோய் வாதாடினார். சம வாய்ப்பை மாநிலத்துக்குள்ளேயே அளிக்க வேண்டும் என்று 1938-ல் தீர்ப்பாயிற்று.

வெற்றிதான், ஆனால் அரைகுறை வெற்றி. அரசு அவசர அவசரமாகக் கறுப்பினத்தாருக்கென ஒரு தனிச் சட்டக் கல்லூரியைத் திறந்தது. கெயின்ஸோ 1939-ல் காணாமற் போனார். அவர் கதி இன்றளவும் தெரியவில்லை. கட்சிக்காரர் இல்லாமல் வழக்கை எப்படி நடத்துவது? அது அத்துடன் நின்றது.

1950 ஏப்ரலில், 54-ஆம் வயதில் ஹூஸ்டன் காலமானார். ஆறு வாரம் கழித்து, டெக்ஸாஸில் இவ்வாறே அமைத்த தனிச் சட்டக் கல்லூரி சமமாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினையே செல்லாது என்று 1954-ல் தீர்ப்பு வந்தபோது, அவ்வழக்கை நடத்திய வழக்கறிஞர் குழுவின் தலைவர் மார்ஷல்.