குருதியைப் பிரித்தவரும் மனிதரைப் பிரித்தவர்களும்

உயிர்களைக் காக்கும் பொருட்டுக் குருதியின் கூறுகளைப் பிரித்தெடுத்தவர் ஒருவர். அதே குருதியைக் கொடையாளரின் தோல் நிறம் பார்த்துப் பிரித்து வைத்தவர்கள் வேறு சிலர். அமெரிக்கக் கறுப்பின சத்திரசிகிச்சை நிபுணர் சார்ள்ஸ் ரிச்சர்ட் ட்ரூவின் வாழ்க்கை இவ்விரு பிரிவினைகளையும் கண்டது.

1904 ஜூன் 3 ஆம் திகதி வொஷிங்டன் நகரில், தரைவிரிப்புப் பதிக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாக ட்ரூ பிறந்தார். அம்ஹேர்ஸ்ட் கல்லூரியில் சிறந்த விளையாட்டு வீரராகத் திகழ்ந்த அவரை மருத்துவத்துறை ஈர்த்தது. ஆயினும், அந்நாளைய அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் கறுப்பின மாணவருக்குக் கிடைத்த இடங்கள் மிகச் சொற்பமே. எனவே கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தை நாடினார். 1933 இல், 137 மாணவர்களுள் இரண்டாமவராகத் தேறினார். குருதியேற்றம் பற்றிய ஆர்வமும் அங்கேயே அரும்பியது.

1938 இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜோன் ஸ்கடருடன் இணைந்து ஆய்வைத் தொடங்கினார். சேமித்த குருதி சுமார் ஒரு வாரத்துக்கு மேல் பயன்படாது என்பதே அன்றைய சிக்கல்.

குருதி ஒரே திரவமாகத் தோன்றினும் பல கூறுகளின் கூட்டாகும். செங்குழியங்கள் ஈமோகுளோபினின் துணைகொண்டு ஒட்சிசனைக் காவிச் செல்கின்றன. வெண்குழியங்கள் நோய்க்கிருமிகளை எதிர்க்கின்றன. சிறுதட்டுகள் காயம்பட்ட இடத்தில் ஒன்றுகூடி அடைப்பை ஏற்படுத்துகின்றன. இவையாவும் மிதக்கும் வெளிர்மஞ்சள் திரவமே பிளாஸ்மா. குருதியின் கனவளவில் பாதிக்குச் சற்று அதிகமான பங்கு இதுவாகும். இதிலுள்ள அல்புமின் என்னும் புரதம் குருதிக் குழாய்களினுள் நீரைத் தக்கவைக்கிறது. வேறு சில புரதங்கள் சிறுதட்டுகள் இட்ட அடைப்பை உறுதியாக்குகின்றன.

சேமிப்பில் இருக்கும்போது செங்குழியங்களிலிருந்து பொற்றாசியம் கசிகின்றது. நாளடைவில் அவை சிதைந்தும் போகின்றன. அவற்றை நீக்கிய பிளாஸ்மாவோ நீண்ட காலம் கெடாதிருக்கும். அதனால் ஒட்சிசனைக் காவ இயலாது. எனினும், பெருமளவு குருதியை இழந்தவரின் குருதி அழுத்தம் வீழ்ந்துவிடாமல் அது காக்கும். பலரது பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்தபோது, குருதி வகை பாராமலே ஏற்றவும் முடிந்தது. அவ்வாறு கலப்பதால் தொற்றுப் பரவும் ஆபத்து பின்னரே உணரப்பட்டது.

சேமித்த குருதி பற்றிய ஆய்வுக்காக 1940 இல் கொலம்பியா அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அதே ஆண்டில் ஜேர்மன் விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்கான பிரித்தானியாவுக்குப் பிளாஸ்மா அனுப்பும் திட்டத்தின் மருத்துவப் பணிப்பாளரானார். 14,000 இற்கும் மேற்பட்ட கொடையாளர்களிடமிருந்து பெறப்பட்ட குருதியில், 5,000 லீற்றருக்கும் அதிகமான பிளாஸ்மா கடல் கடந்தது. 1941 இல் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் முன்னோடித் திட்டத்தையும் வழிநடத்திய அவர், ஏப்ரலில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார்.

ஆனால், இராணுவத்துக்கான குருதிச் சேகரிப்பு நாடெங்கும் விரிவடைந்தபோது கறுப்பினத்தவரின் குருதி மறுக்கப்பட்டது. திட்டத்துக்கு வழிவகுத்தவரே கொடையளிக்க முடியாத அவலம் அது. எதிர்ப்பு வலுக்கவே, 1942 ஜனவரியில் ஏற்றுக்கொள்ள இணங்கினர். எனினும் அதனைத் தனியாகவே வைத்தனர். இதற்கு அறிவியல் ஆதாரம் எதுவுமில்லை என ட்ரூ பகிரங்கமாகக் கண்டித்தார். குருதி வகைகளைக் கொண்டு ஒருவரது இனத்தைக் கூற முடியாது. அவை எல்லா இனத்தாரிடமும் காணப்படுபவை.

1950 ஏப்ரல் 1 ஆம் திகதி, வட கரோலினாவில் நிகழ்ந்த கார் விபத்தில் ட்ரூ தமது 45 ஆவது வயதில் காலமானார். கறுப்பினத்தவர் என்பதால் அவருக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டதாகப் பின்னர் ஒரு கதை பரவியது. அது உண்மையன்று. வெள்ளையின வைத்தியர்கள் அவரைக் காப்பாற்ற முயன்றதை உடன் பயணித்த மருத்துவர்களே உறுதிப்படுத்தினர். ஆயினும் அக்கதையை மக்கள் இலகுவில் நம்பியமைக்கு அன்றைய சமூகத்தின் நடைமுறையே காரணமாகும்.

குருதியை இனவாரியாகப் பிரிக்கும் வழக்கத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் கைவிட்டதும் அதே 1950 இல்தான். அதைக் காண ட்ரூ இருக்கவில்லை. இன்று ஒருவர் வழங்கும் குருதி செங்குழியம், சிறுதட்டு, பிளாஸ்மா எனப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு நோயாளரைச் சென்றடைகிறது. யாருக்கு எது தேவை என்பதே அப்பிரிப்பின் அளவுகோல். யார் கொடுத்தார் என்பதன்று. குருதியைப் பிரிப்பதற்கு நியாயமான காரணம் அது ஒன்றே என்பதைத்தான் ட்ரூ தமது காலத்திலேயே வலியுறுத்தினார்.