வேலையில் ஒழுங்கு கண்ட வேதநாயகர்

கடலூரிலிருந்து சிதம்பரம் வழியாகத் தெற்கே சென்று கொள்ளிடத்தைக் கடந்தால் சீர்காழியும், அதற்கப்பால் மாயவரமும் வரும். சென்ற நூற்றாண்டிற்கும் முந்திய காலத்தில் இவ்விரு ஊர்களிலும் முன்சீபாக இருந்து நியாயம் வழங்கியவர் வேதநாயகம் பிள்ளை. 1879-ல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் முதல் தமிழ் நாவலின் ஆசிரியர் என்று அவரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவர் நம் வேதத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர் என்பதை அறிந்தவர் சிலரே.

திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826 அக்டோபர் 11-ந் தேதி சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரி அம்மாளுக்கும் பிறந்தார். 1848-ல் திருச்சி நீதிமன்றத்தில் தஸ்தாவேஜுகளைக் காக்கும் உத்தியோகம் கிடைத்தது. சிறிய வேலைதான். ஆனால் ஒரு காகிதம் இடம் மாறினால் ஓர் ஏழையின் நிலவழக்கு வாய்தாவின் மேல் வாய்தாவாக இழுக்கும். எதை எங்கே வைப்பது, எதை முதலில் செய்வது என்பது அங்கே பிறருடைய சோற்றுப் பிரச்சினை.

பின்பு மொழிபெயர்ப்பாளராகி, முன்சீபாக உயர்ந்தார். 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் குவிந்து கிடந்த தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862-ல் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். தமக்கு மட்டும் குறிப்பெழுதி வைத்துக்கொள்ளாமல், ஆங்கிலம் அறியாதவரும் எடுத்துப் பார்க்கும்படி செய்தார். ஒழுங்கு என்பது அவருக்குப் பிறர்சிநேகமாயிற்று.

உத்தியோகத்தில் இருந்தபோதே 1859-ல் நீதி நூலும், 1869-ல் பெண்மதி மாலையும் வெளிவந்தன. தேவமாதாவின் பேரில் அந்தாதியும் பாடினார். 1872-ல் ஓய்வு பெற்ற பின்னும் சோம்பியிருக்கவில்லை. 1876-ல் தொடங்கிய கொடும் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளின் பசி தீர்த்தார். சிதம்பரம் நடராசர்மேல் பக்திகொண்டு நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரே அந்தத் தருமத்தைக் கண்டு அவரைப் புகழ்ந்து பாடினார். 1889 ஜூலை 21-ந் தேதி வேதநாயகர் காலமானார்.

குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே! ஞானஸ்நானச் சான்று, பட்டா, பிள்ளைகளின் பள்ளிக் காகிதங்கள் ஆகியவை நம் வீட்டில் ஓரிடத்தில் இருக்கின்றனவா? சனிக்கிழமை மாலையில் ஒரு நோட்டை எடுத்து, வரும் வாரத்து வேலைகளை எழுதுங்கள். பிறர் நமக்காகக் காத்திருக்கும் வேலையை முதலில் எழுதுங்கள்: கொடுக்க வேண்டிய கூலி, அனுப்ப வேண்டிய பதில், பார்க்க வேண்டிய நோயாளி. முடிந்ததை அடித்துவிடுங்கள், முடியாததை அடுத்த வாரத்தில் மறவாமல் சேருங்கள். மறுநாள் பூசைக்கு அமைதியான மனதோடு வரலாம். சர்வேசுரன் தந்த நாட்களுக்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் அல்லவா?